பள்ளத்தில் அறுந்த கோடுகள்

காட்டுத்தீ அணைக்கும் படையின் வாக்கி-டாக்கிகள் மலையில் எங்கே பேசும், எங்கே ஊமையாகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. நாற்பது பேருக்கும் திரையில் நாற்பது புள்ளிகள். அவை நகர நகர, தூரம், மேடு, மரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, சிக்னல் எவ்வளவு தேயும் என்று அவள் எழுதிய நிரல் சொல்லும். அதை நம்பித்தான் அன்று காலை படை புதுக் கருவிகளோடு தீ பிடித்த காட்டுக்குள் இறங்கியிருந்தது. அவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

பத்து மணிக்கு, அறிக்கை எழுதப் பழைய கோப்பைத் திறந்தபோது கண்ணில் பட்டது. ஆண்டெனா உயரம்: பத்து மீட்டர். அது வண்டிக் கம்பத்துக்கு உரிய எண். இடுப்பில் செருகும் கருவிக்கு ஒரு மீட்டர்தான்.

எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினாள். ஓடைப் பள்ளத்தில் புள்ளிகளை இணைத்திருந்த பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன.

“மூணு வாரம் சோதிச்சோமே, எல்லாம் பாஸ் ஆச்சே?” என்றார் மேலாளர்.

“தப்பான எண்ணை வச்சு சோதிச்சா பாஸ் ஆகாம என்ன சார் பண்ணும்?”

“இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம். மானம் கப்பலேறிடும்மா.”

அதற்குள் அவள் கட்டுப்பாட்டு அறையை அழைத்துவிட்டாள். அங்கிருந்த பெண் அதிகாரி சொன்னார்: “பள்ளத்துல ஆறு பேர். உங்க தம்பியும் இருக்கார். இருபது நிமிஷமா சத்தமில்ல. வேலையா இருக்காங்கன்னு விட்டுட்டோம்.”

“அவங்க பேசிட்டுதான் இருப்பாங்க மேடம். உங்களுக்குக் கேக்கல.”

திரையில் ஒரு புள்ளியை மேட்டில் வைத்தாள். இணைப்பு வரவில்லை. வேறிடம். அங்கும் இல்லை. கிழக்கு முகட்டுப் பாறையில் வைத்ததும் கோடுகள் ஒட்டின.

“அங்க ஒருத்தரைக் கருவியோட ஏத்துங்க. அவர் வழியா போய்ச் சேரும்.”

“இந்தத் தடவை நிச்சயமா?”

“சத்தியம் பண்ண மாட்டேன் மேடம். ஆனா வேற வழி தெரியல.”

போனைக் காதிலிருந்து எடுக்காமல் பதினான்கு நிமிடம் நின்றாள். பிறகு கரகரப்புக்கிடையே தம்பியின் குரல்: “காத்து திரும்பிடுச்சு, எந்தப் பக்கம் வர்றது? கத்திக் கத்தி தொண்டையே போச்சு!”

மேற்குப் பாதையில் வரச் சொன்னார்கள். ஆறு பேரும் வந்தார்கள்.

மாலையில் மருத்துவமனையில் தம்பி முழங்கைவரை கட்டோடு உட்கார்ந்திருந்தான். “நீதான் கண்டுபிடிச்சியாமே?”

“நான்தான்டா கோட்டை விட்டேன்.”

அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “அம்மாகிட்ட கல் தடுக்கி விழுந்தேன்னு சொல்லிடு” என்றான்.

“விழுந்தா கை வேகுமாடா?”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.