ஏணி ஏறிய வண்டி

பின்சீட்டில் இருந்த தையல் மெஷினை இறக்கினால்தான் மாமியாருக்கு இடம். மருமகள் கதவைத் திறந்து, ஒரு முழங்காலை உள்ளே ஊன்றி, அந்த இரும்புப் பாரத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்கினாள். முந்தாநாள் மதியம் ஒரு தையல்கடையில் ஏற்றியது அது. நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி எடுத்து வந்திருந்தாள். அதற்குப் பிறகு அதை இறக்க நேரம் வாய்க்கவில்லை. அன்றைக்கே மாமனார் போய்விட்டார்.

"அதை ஏம்மா நீ தூக்கற? விடு," என்று கணவன் வாசலிலிருந்து ஓடி வந்தான். அதற்குள் அவள் மெஷினை வராந்தாவில் வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள். தையல் மெஷின் பழுதுபார்ப்பதுதான் அவள் தொழில். வாரத்துக்கு இருபது மெஷின் தூக்குகிறவளுக்கு இது ஒன்றுமில்லை.

மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தகனக் கூடத்துக்குக் கொண்டுவர ஏற்பாடாகியிருந்தது. வீட்டு ஆட்கள் பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மரக்கடைக்காரர் தன் பெரிய வண்டியைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"எங்க வண்டியில வாங்களேன். இந்த டப்பாக்குள்ள மூணு பேர் எப்படி?"

மாமியார் அந்த வண்டியின் படியை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல வண்டிதாங்க. ஆனா அதுல ஏற எனக்கு ஒரு ஸ்டூல் போடணும். முட்டி கேக்காது. நீங்க முன்னால போங்க, நாங்க பின்னாலேயே வந்துடறோம்."

மரக்கடைக்காரர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. டப்பா என்ற சொல்லும் அந்த வீட்டுக்குப் புதிதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சின்ன வண்டி வருவதற்குள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கணவனுக்குப் பெரிய வண்டி வேண்டும். வாங்குவது ஒரே ஒரு முறை, அதைக் கௌரவமாக வாங்கலாம் என்பது அவன் கட்சி. "இதுல ரெண்டு பெட்டி வச்சா மூணாவது பெட்டியை மடியில வச்சுக்கணும். ஹைவேல ஒரு லாரி பக்கத்துல வந்து தும்மினா பறந்துடும்." அவளுக்கு வேண்டியது சந்துக்குள் நுழையும் வண்டி. அவளை அழைக்கும் தையல்கடைகள் எல்லாம் ஒரு வண்டி போனால் எதிரே சைக்கிள் வர முடியாத தெருக்களில்தான் இருந்தன. சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் குடிக்கிறது, கைக்குட்டை அகலம் இடம் கிடைத்தால் நிற்கிறது, தெருவுக்குள்ளேயே ஒரே வளைப்பில் திரும்புகிறது. இதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்?

இரண்டு கட்சியும் சாப்பாட்டு மேஜையில் மோதி மோதி ஓய்ந்தபோது, "அப்பாவைக் கேப்போம்" என்றான் கணவன். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வண்டி விஷயத்தில் அந்த வீட்டின் உச்ச நீதிமன்றம். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் டிப்போவில் அவருக்குப் பெயரே ஏணி. பஸ்ஸின் கியர் கம்பியைப் பிடித்துப் பழகியவர் தன் பக்கம்தான் சாய்வார் என்று மகன் நம்பினான்.

அவர் தீர்ப்பு சொல்வதற்கு முன் வண்டியில் ஒரு சுற்று போய் வர வேண்டும் என்றார். வண்டி விற்பவர் ஓட்ட, இவர் பக்கத்தில் ஏறினார். ஏறும்போது தலையை முதலில் நுழைத்தார், பிறகு காலைக் கையால் பிடித்து உள்ளே வைத்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, மடக்குக் கட்டிலைப் பிரிப்பதுபோல் அவரைப் பகுதி பகுதியாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னப்பா?" என்றான்.

"வாங்கிடலாம்," என்றார் அவர்.

"இவ்ளோ கஷ்டப்பட்டு இறங்கிட்டு?"

"இறங்கறதுக்குத்தான்டா கஷ்டம். உள்ள சுகமா இருக்கு."

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும்தான். வண்டி வந்த மறுநாள் காலை அவள் கருவிப் பெட்டியோடு கிளம்பும்போது, சட்டை மாட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றார். "எங்க மாமா போறீங்க?" என்று கேட்டாள். "நீ எங்க போறியோ அங்க," என்றார்.

அன்று தொடங்கியது. முன்சீட்டைப் பின்னால் தள்ளக்கூடிய கடைசிப் பல் வரைக்கும் தள்ளி, முட்டிகளை டாஷ்போர்டில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொள்வார். அவள் கடைக்குள் மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். "உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க மாமா" என்றால் வரமாட்டார். ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள், அப்படி என்னதான் இருக்கிறது இந்தத் தெருவில் என்று.

"முப்பத்துநாலு வருஷம் இந்த ஊரைச் சுத்தினேன். என்ன பாத்தேன் சொல்லு? முன்னால போறவன் முதுகு, சிக்னலு, கண்ணாடியில பின்னால வர்றவன் மூஞ்சி. பக்கவாட்டுல ஒரு தடவை திரும்பினா நாப்பது பேரு உசுரு. இப்பதாம்மா பாக்கறேன். அங்க பாரு, அந்த மாடியில ஒருத்தன் தாடிக்கு மை பூசிட்டு இருக்கான்."

அவரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது ஒரு தனிச் சுகம். குறுக்கே வரும் எவனையும் திட்டமாட்டார். "அவனுக்கு அவசரம் போல, விடு" என்பார். அவள் பிரேக்கைக் கொஞ்சம் பலமாகப் போட்டால் மட்டும் அவர் வலது கால் தன்னால் தரையை அழுத்தும். ஒருமுறை அவசர வேலை என்று ஹைவேயில் பக்கத்து ஊருக்குப் போனார்கள். ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது வண்டி கிடுகிடுத்தது. திரும்பி வந்த பிறகுதான் இருவருக்கும் மூச்சே வந்தது. "இது ஊருக்குள்ள வளர்ந்த பிள்ளை. இனிமே வெளியூருக்கு இழுக்காதே," என்றார். மகனிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார்.

முந்தாநாளும் அப்படித்தான் போனார்கள். மூன்றாவது கடையில் அந்த நூல் அறுக்கிற மெஷினைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு அவள் முன்னால் வந்தபோது, மாமனார் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்குப் போலாம்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது அந்தச் சந்துக்குள் வரவே வராது. இடது பக்கம் துணிமூட்டைகள், வலது பக்கம் சாக்கடைத் திட்டு, நடுவே அவளுடைய வண்டிக்கென்று அளவெடுத்ததுபோல் ஒரு வழி. நுழைந்து, வளைந்து, இரண்டு தெரு கடந்து பெரிய சாலையில் ஏறினாள். அங்கே நிறுத்தத்திலிருந்து ஒரு பஸ் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. அவள் ஹாரனை அழுத்தி முந்தப் போனபோது மாமனார் கையைத் தூக்கினார்.

"அவனை விடும்மா. நாள் பூரா ஒருத்தனும் விடமாட்டான்."

அவள் விட்டாள். பஸ் டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி நன்றி காட்டிவிட்டுப் போனான். அதற்குமேல் மாமனார் எதுவும் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றிவிட்டு, ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே வண்டியைச் சொருகிவிட்டு, காவலாளி "மேடம், மேடம்" என்று கத்தக் கத்த உள்ளே ஓடினாள். மாமனாருக்கு நினைவு இருந்தது. முகத்தில் குழாய் மாட்டியிருந்தார்கள். அவளுடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. முக்கால் மணி நேரம். அவ்வளவுதான்.

அலுவலகத்திலிருந்து கிளம்பிய கணவன் போக்குவரத்தில் மாட்டி, வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெடுநேரம் சுவரைப் பார்த்து நின்றவன், திரும்பாமலே சொன்னான்: "பெரிய வண்டியா இருந்திருந்தா, பின்னால படுக்க வச்சாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்."

 அவன் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாளாக எதைத் தொட்டாலும் அது குறுக்கே வந்தது. மடித்து, குறுக்கி, முட்டி இடிக்க, அந்த மனிதரை அப்படியே கொண்டுபோய்விட்டோமோ? அந்தப் பஸ்ஸை ஏன் விட்டோம்?

இப்போது கணவன் முன்சீட்டில் ஏறினான். அவனும் அப்பாவின் உயரம்தான். சீட்டைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு ஏற்ற தூரத்திலேயே அது இருந்தது. உட்கார்ந்ததும் அவன் முட்டிகள் டாஷ்போர்டில் இரண்டு இடங்களில் போய்ப் பதிந்தன. அந்த இரண்டு இடமும் மட்டும் பிளாஸ்டிக் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. அவன் முட்டியை விலக்கி, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

மாமியார் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வண்டி தெருமுனை திரும்பியது.

"அப்பா வழியில ஏதாவது பேசினாரா?" என்று கேட்டான் கணவன். இரண்டு நாளில் அவன் அதைக் கேட்பது முதல் முறை.

அவள் சொன்னாள். பஸ்ஸை மறைக்காமல் சொன்னாள்.

அவன் முதலில் சிரித்தான். பெரிய சிரிப்பாகத்தான் தொடங்கியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னது..." என்று தொடங்கினான்.

"தெரியுங்க. விடுங்க."

"என்ன சொன்னே?" என்றாள் மாமியார் பின்னாலிருந்து.

மருமகள் கியரை மாற்றினாள்.

"என்னடா சொன்னே?"

"படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாம்னு சொன்னேம்மா. பெரிய வண்டியா இருந்திருந்தா."

 சிக்னலில் வண்டி நின்றது. எண்பது நொடி என்று சிவப்பு எண் இறங்கத் தொடங்கியது.

"அவரால படுக்க முடியலடா," என்றாள் அவள். "ஒரு மாசமாவே முடியல. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா சரியாகுதுன்னு, ஜன்னலோர நாற்காலியிலதான் தூங்கினாரு. நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள போய்க் கட்டில்ல உக்காந்துக்குவாரு."

மருமகள் கண்ணாடியில் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"ஏம்மா சொல்லல?" கணவனின் குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"டாக்டர்கிட்ட போலாம்னு தினம் சண்டை போட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னாரு. உங்ககிட்ட சொல்லிடுவேன்னேன். சொல்லாதேன்னுட்டாரு. 'சொன்னா வீட்டுல உக்கார வச்சுடுவாங்க. அந்தப் பொண்ணு என்னை வண்டியில ஏத்திக்க மாட்டா. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?'னு கேட்டாரு." அவள் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள். "எனக்குச் சொல்ல மனசு வரல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அன்னிக்குப் பாத்ததையெல்லாம் ஒண்ணு விடாம எனக்குச் சொல்வாரு. நாப்பது வருஷத்துல அந்த மனுஷன் என்கூட அவ்ளோ பேசினதே இல்ல."

சிவப்பு எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கணவன் கையைப் பின்னால் நீட்டினான். அந்த வண்டியில் அதற்கு உடம்பைத் திருப்பவே தேவையில்லை. அம்மாவின் முட்டி அவன் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. மருமகள் கியரில் கை வைத்தபடி இருந்தாள். ஏத்திக்க மாட்டா என்று சொன்னாராமே. சொல்லியிருந்தால் அவள் ஏற்றிக்கொண்டிருக்கத்தான் மாட்டாள். அது நிச்சயம். அதை நினைத்தபோது, இரண்டு நாளாகக் குறுக்கே வந்துகொண்டிருந்த அந்த வார்த்தை விலகிக்கொண்டது.

விளக்கு பச்சையானது.

தகனக் கூடத்தில் காக்கிச் சட்டையோடேயே டிப்போக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். "எங்க ஏணிங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டு அதற்குமேல் முடியாமல் ஓரமாகப் போய் நின்றார். இன்னொருவர், பாடை அவருக்கு நீளம் போதுமா என்று கவலையோடு கேட்டார். போதும், சொல்லிச் செய்தது என்று கணவன் சொன்னான். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஓடி மூவரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். வாசல் மைதானத்தில் பெரிய வண்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்று வழி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இவர்கள் வண்டி புகுந்து போகும் அளவுக்கு ஓரமாக இடம் இருந்தது. அவள் சாவியைத் திருப்பவில்லை.

"அவசரம் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான் அவன்.

மூன்று பேரின் மூச்சில் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஆவி படிந்து மங்கின. வெளியே எதுவும் தெரியவில்லை. கூரையில் மழை கொட்டுவது மட்டும் கேட்டது. சற்று நேரம் கழித்து மாமியார் தன் பக்கத்துக் கண்ணாடியை உள்ளங்கையால் அகலமாகத் துடைத்தாள். முகத்தை அதனருகே கொண்டுபோனாள்.

"அங்க பாருங்க," என்றாள். "அந்த ரெண்டு பேரும் ஒரே குடையில ஓடறாங்க. குடையை மட்டும் விரிக்கவே இல்ல."