தானாகத் திறந்துகொண்ட பூட்டு

குழந்தைச் சாமான்கள் விற்கும் அந்தப் பெரிய கடையில் அவளுக்குப் பெயர் பெல்ட் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கல்லாவில் இருப்பவரே கொஞ்சம் யோசிப்பார். காரில் குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் சீட்டு விற்பது அவள் வேலை. எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிற ரகமில்லை அவள். வாங்க வந்தவரை நிற்கவைத்து, பொம்மையை சீட்டில் உட்காரவைத்து, தோள்வாரை எவ்வளவு இழுக்க வேண்டும், பூட்டில் 'டக்' என்று சத்தம் வந்ததா, மாட்டிய பிறகு வாரை விரலால் கிள்ள முடிகிறதா என்று பரீட்சை வைத்துத்தான் அனுப்புவாள். தோற்றவர்களுக்குத் திட்டு விழும். திட்டுவதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்வானேன்.

"மேலே போர்வையைப் போத்தி மூடிட்டு, உள்ளே கட்டாம விட்டுடுவீங்க. எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்," என்பாள். பாதிப் பேர் அசடு வழிவார்கள். மீதிப் பேர் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார்கள்.

டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் அவளிடம் மாட்டினார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சிமெண்டு. சீட்டின் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான்தான் கார் ஓட்டுவாரு. கட்டினா பாப்பா அழுவுது. நான் பின்னாடி உட்கார்ந்து கையிலேயே பிடிச்சுக்குவேன்," என்று வாயை விட்டுவிட்டார்.

"உங்க கை என்ன பெல்ட்டா?" என்று ஆரம்பித்தாள் அவள். "வண்டி ஒரு தடவை பிரேக் போட்டா உங்க பொண்ணு முன்கண்ணாடியில இருப்பா. அப்ப அந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? அழுதாளாம், அவிழ்த்துவிட்டாராம். நீங்கல்லாம் ஒரு அப்பாவா?"

தொட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பால் புட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மனிதர் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் காட்டிய நீலச் சீட்டையே வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மதியம் சாப்பிடும்போது அதை நடித்துக் காட்டி அவள் மற்றவர்களைச் சிரிக்கவைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். பள்ளிக்கூடம் போகிற வயது இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கையைப் பார்க்க அவனை அழைத்துக்கொண்டு விமானத்தில் கிளம்பினாள். போகிற ஊரிலும் காரில் ஏற வேண்டுமே என்று தன் வீட்டு நீலச் சீட்டையும் கூடவே கொண்டுவந்தாள். அதைப் பெட்டியோடு சரக்கில் போட அவளுக்கு மனம் வரவில்லை. விமானத்துக்குள்ளேயே எடுத்துப்போய் ஜன்னலோரம் வைத்து, முழங்காலால் அழுத்தி, விமானத்தின் பெல்ட்டை அதன் முதுகு வழியே விட்டு இறுக்கினாள். அசைத்துப் பார்த்தாள். பாறையாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்த பணிப்பெண், "இவ்வளவு சுத்தமா யாரும் வச்சு நான் பார்த்ததில்லைங்க," என்றாள். பெல்ட் அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை.

"அக்கா, நீங்களா?"

நடைவழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல். டைல்ஸ்காரர். பக்கத்தில் அவர் மனைவி, ஜன்னலோரம் அதே நீலச் சீட்டில் அவர் மகள். வார் ஐந்தும் கச்சிதமாக மாட்டியிருந்தது. பெல்ட் அக்காவுக்கு முகம் சட்டென்று சூடாகிவிட்டது. மனிதர் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பதில் சொல்வார் என்றுதான் நினைத்தாள். அவரோ மனைவியின் தோளைத் தொட்டு, "நான் சொல்வேன்ல, பெல்ட் அக்கா, அவங்கதான் இவங்க," என்றார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடவே இல்லைக்கா இவரு," என்றாள் மனைவி சிரித்துக்கொண்டே. "மறுநாள்லேர்ந்து நானே அவிழ்த்தாக்கூட விட மாட்டாரு. எங்க வீட்டுல நீங்க சொன்னதுதான் சட்டம்."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்தாள். விமானம் மேலே ஏறியது.

வாண்டு அதுவரை சமர்த்தாக இருந்தான். மேலே போனதும் ஆரம்பித்தான். வார் குத்துகிறது, இறக்கிவிடு, நடக்கணும், தண்ணி வேணும், தண்ணி வேண்டாம். காலை நீட்டி முன்இருக்கையை உதைத்தான். முன்னால் இருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மறுமுறை திரும்பி, "கொஞ்சம் பார்த்துக்கங்க," என்றார். மூன்றாவது முறை ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு மட்டும் விட்டார். அந்தப் பெருமூச்சுதான் அவளைக் கொன்றது. வாண்டு குரலை இன்னும் உயர்த்தினான். விமானமே தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தோள்வார் இரண்டும் கழன்று விழுந்தன. அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது.

பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். காற்று சரியில்லை, எல்லோரும் கட்டிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பும் வந்தது. மறுபடி மாட்டினால் மறுபடி அலறுவான். பெல்ட் அக்கா மடியிலிருந்த போர்வையை எடுத்து மகனின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பணிப்பெண் போர்வையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "உங்களுக்குச் சொல்லணுமா," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்கு அவளும் ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தாள், வெட்கங்கெட்டுப்போய்.

போர்வைக்கடியில் வாண்டு சும்மா இருப்பானா? வழுக்கி இறங்கினான். அவள் முழங்காலைத் தாண்டி நடைவழிக்கு வந்தான். "டேய், வா இங்கே," என்று அவள் கையை நீட்டிய அதே நேரத்தில் விமானம் பொத்தென்று இறங்கியது.

பிள்ளையின் கால்கள் தரையை விட்டு எழும்பின. அவள் கைக்கு அவன் சிக்கவில்லை. கைப்பிடியில் வாய் இடித்து அவன் மேலே போனபோது, நடைவழிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு அவன் கால்சட்டையின் இடுப்பைக் கொத்தாகப் பிடித்தது. டைல்ஸ்காரர் அவனை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். விமானம் இன்னும் இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு அடங்கியது. உதடு கிழிந்திருந்தது. கொஞ்சம் ரத்தம். வேறு ஒன்றுமில்லை. அவளுக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு மானம் வரவில்லை.

பணிப்பெண் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "கட்டித்தானே இருந்துச்சு? நான் பார்த்தேனே?"

சுற்றியிருந்த தலைகள் எல்லாம் பெல்ட் அக்கா பக்கம் திரும்பியிருந்தன. முன்இருக்கைக்காரர், பின்வரிசையில் இருந்த இரண்டு மாணவிகள், டைல்ஸ்காரர், அவர் மனைவி. பெல்ட் அக்காவின் வாய் தானாகவே பேசியது.

"கட்டித்தான் இருந்தேன். பூட்டு தானா விட்டுடுச்சு."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பணிப்பெண்ணின் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிட்டது. "நல்ல வேளை, பெருசா ஒண்ணும் ஆகலை," என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள்.

"தானாவா?" என்றார் டைல்ஸ்காரர். "உங்க கையால மாட்டினதே விட்டுடுச்சா?"

அவள் மகனின் உதட்டில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பக்கம் அவர் மனைவி தன் மகளின் நீலச் சீட்டையே பார்த்தாள். அதே மாடல், அதே பூட்டு. மெதுவாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தி, குழந்தையை வெளியே எடுத்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று பெல்ட் அக்காவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். முன்இருக்கைக்காரர் திரும்பி, பாவம் என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டாள். இறங்கியதும் சொல்லலாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே பூசி மெழுகினாள். விமானம் தரையைத் தொட்டு ஓடி நிற்கிறவரைக்கும் அந்தக் குழந்தை மடியில்தான் இருந்தது. அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

பெட்டிகள் வரும் இடத்தில் அவர்களைத் தேடினாள். காணவில்லை. வாண்டுவை ஒரு கையிலும் சீட்டை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வாடகைக் காருக்கு நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசைக்குப் பக்கத்தில், குப்பைத்தொட்டியை ஒட்டி, நீலச் சீட்டு ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி, அழைத்துப்போக வந்த உறவினரின் காரில் டைல்ஸ்காரர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"நீங்க இல்லைன்னா பூட்டு இப்படின்னு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. அந்தச் சீட்டை அங்கேயே விட்டுட்டோம். அவங்க வீட்டுக்கு முழுக்க பெரிய ரோடுதான், குலுங்காது. பாப்பாவை மடியிலேயே வச்சுக்கிறோம். தம்பிக்கு உதடு எப்படி இருக்கு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். தனியாகச் சொல்ல இடமில்லை. அந்த வரிசையில் விமானத்தில் வந்தவர்களே பாதிப் பேர் நின்றார்கள். பெருமூச்சு விட்ட மனிதரும் நின்றார்.

"மடியில வைக்காதீங்க," என்றாள். "பூட்டுல ஒண்ணும் இல்லை. நான்தான் கழட்டிவிட்டேன். அழுதான்னு."

டைல்ஸ்காரர் அவளைக் கனிவோடு பார்த்தார். அதைத் தாங்குவதற்குப் பதில் ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

"கடைக்காகப் பேசாதீங்கக்கா. வேலை போயிடும்னு பயப்படுறீங்க, புரியுது. நாங்க யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டோம்."

"சத்தியமா நான்தான் கழட்டினேன்."

"நீங்களா? பெல்ட் அக்காவா?" அவர் சிரித்தேவிட்டார். "நீங்க கழட்டுவீங்கன்னு யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்." கார் பக்கம் திரும்பிவிட்டார். மனைவி மகளை மடியில் ஏந்திக் கதவை மூடப்போனாள்.

பெல்ட் அக்கா தன் சீட்டை நடைபாதையில் வைத்தாள். வாண்டுவைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள். தோள்வார், இடுப்புவார், கால் நடுவே ஒன்று. பூட்டை அழுத்தினாள். 'டக்' என்றது.

"நில்லுங்க," என்று கத்தினாள். வரிசை மொத்தமும் திரும்பியது. "வந்து இழுங்க. இது விட்டுச்சுன்னா நீங்க சொல்றதுதான் சரி. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுங்க."

அவர் தயங்கினார். மனைவி காரிலிருந்து இறங்கி, "இழுத்துப் பாருங்களேன்," என்றாள். டைல்ஸ்காரர் குனிந்து, சிமெண்டு மூட்டை தூக்கிப் பழகிய கையால் வார்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். சீட்டும் பிள்ளையும் சேர்ந்து தரையை விட்டு எழும்பி வந்தன. பூட்டு அசையவில்லை. வாண்டு வீங்கின உதட்டோடு சிரித்து, "இன்னொரு தடவை," என்றான். இன்னொரு தடவையும் தூக்கினார். மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப பூட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"இருக்கு."

"அந்தப் போர்வை?"

"கட்டாதது தெரியக் கூடாதுன்னு போத்தினேன்."

மனைவி குப்பைத்தொட்டி அருகே போய்ச் சீட்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்துக் காரின் பின்னிருக்கையில் வைத்து, முழங்காலால் அழுத்தி இறுக்கினாள். மகளை உட்காரவைத்துப் பூட்டினாள். வாரைக் கிள்ளிப் பார்த்தாள். பெல்ட் அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

டைல்ஸ்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கடையில அத்தனை பேர் முன்னாடி, நீங்கல்லாம் ஒரு அப்பாவான்னு கேட்டீங்க."

"கேட்டேன்," என்றாள் அவள். கண் கலங்கி எதிரே நிற்பவரின் முகம் சரியாகத் தெரியவில்லை. "இப்ப நீங்க என்னைக் கேளுங்க. இத்தனை பேர் இருக்காங்க. கேட்டுடுங்க."

அவர் வரிசையைப் பார்த்தார். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."