வலை விலை பற்றி ஒரு கட்டுரை எழுதப் போய்

1

இது கதையாக வந்திருக்கக் கூடாது. மீனவர் சங்கம் நடத்தும் சிறு பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் என்னிடம் கேட்டது கட்டுரைதான். "மீன்பிடிச் சாமான் விலை ஏன் ஏறிக்கிட்டே போகுதுன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். கதை விட்டுடாதீங்க" என்றார். ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன்.

வலை பின்னும் நைலான் நூல் கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கிறது. ஆகவே எண்ணெய் விலை ஏறும்போது

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். 'நைலான்' என்று எழுதியதும், புதுப் பொதியைப் பிரிக்கும்போது குப்பென்று எழும் அந்த வாசனை வந்துவிட்டது. அதற்குமேல் எண்ணெய்க் கிணறு வரை போக எனக்குக் கால் எழவில்லை.)

அது என் அக்கா கடையின் வாசனை.

2

துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்ட கடை. கூரையிலிருந்து மிதவைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொண்டு, திட்டியபடியேதான் உள்ளே வருவார்கள். கீழே ஈயக்குண்டு மூட்டைகள். அவற்றின்மேல் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு எழுந்துபோக மனம் வராது. பிற்பகல் வெயில் வாசலில் தொங்கும் வலைகளின் வழியே விழும்போது, அக்காவின் முகமெல்லாம் கட்டம் கட்டமாக நிழல் ஆடும். இன்றைக்கும் அவளை நினைத்தால் அந்தக் கட்டங்களோடுதான் வருகிறாள்.

அப்பா போனதும் கடையில் உட்கார்ந்தவள் அவள். என்னைப் படிக்க வைத்தாள். யாராவது அவள் கல்யாணப் பேச்சை எடுத்தால், "சரக்கு வரட்டும், பாக்கலாம்" என்பாள். சரக்கு வந்துகொண்டே இருந்தது.

கயிற்றை இரண்டு கைகளையும் விரித்து அளப்பார்கள். ஒரு விரிப்பு, ஒரு பாகம். அக்காவோ குள்ளம். "உன் கையால அளந்தா எங்களுக்கு நஷ்டம்" என்று எல்லோரும் சண்டைக்கு வந்ததால், "நீங்களே அளந்துக்கோங்க" என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் கயிறு வாங்க வருகிறவர்கள் துறைமுகத்திலேயே நீளமான கைக்காரரை டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிவர ஆரம்பித்தார்கள்.

(ஆசிரியர் இதை வெட்டிவிடுவார். விலை ஏறுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார். சம்பந்தம் இல்லைதான்.)

3

அந்த வருடம் விலை மூச்சு விடாமல் ஏறியது. வலை, நரம்பு நூல், கயிறு, தூண்டில் என்று எதைத் தொட்டாலும் போன மாத விலை இல்லை. எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்த காலம், விடுப்பில் வந்திருந்தேன். கடையில் ஆளே இல்லை. பக்கத்துத் துறைமுகத்துக் கடைக்குப் போகிறார்கள் என்றாள் அக்கா. அங்கேயும் இதே விலைதான். ஆனால் முன்பின் தெரியாதவன் சொன்னால் அது விலை. தெரிந்தவள் சொன்னால் கொள்ளை.

ஒருநாள் சங்கு வந்தார்.* சொந்தப் படகுக்காரர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தான் தனியாக நின்றுபோனவர்.

(* கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அதனால் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயரைப் போடவா என்று கேட்டேன். "அதைப் போட்டா யாருன்னு எனக்கே தெரியாது" என்றார்.)

"என்ன கடைக்காரம்மா, பின்னாடி ரூம்ல சரக்கைப் பதுக்கி வச்சுக்கிட்டு விலையை ஏத்துறீங்களாமே?" தெருவுக்கே கேட்டது.

அக்கா பின்னறைச் சாவியை எடுத்து நீட்டினாள். "போய்ப் பாத்துட்டு வாங்க."

போனார். பின்னறையில் சுருட்டி வைத்த ஒரு பாய், ஒரு அடுப்பு, அதன்மேல் ஒரே ஒரு ஆளுக்கான சின்னப் பாத்திரம், என் பழைய பாடப்புத்தகங்கள். அவ்வளவுதான். திரும்பி வந்தபோது குரல் பாதியாகியிருந்தது.

"அப்ப யாருதாங்க ஏத்துறா?"

"எனக்கும் அது தெரிஞ்சாகணும். நாளைக்கு வலைக் கம்பெனிக்கே போறேன். கூட வாங்க. காதால கேட்டுட்டு வந்து எல்லாருக்கும் சொல்லுங்க. எனக்கு மைக் செலவு மிச்சம்."

4

மூவரும் பஸ்ஸில் போனோம். ஜன்னல் சீட்டைச் சங்கு என் அக்காவுக்கு விட்டதையும், வெயில் அடிக்கிறது என்று அக்கா அதை அவருக்கே திருப்பிக் கொடுத்ததையும் கண்டும் காணாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி மேலாளர் நல்ல மனிதர். "எண்ணெய் ஏறினா நூல் ஏறுது. ஈயம் ஏறுது, லாரி வாடகை ஏறுது. நாங்களா ஒண்ணும் ஏத்தல" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "இன்னொண்ணும் இருக்கு. முன்ன கேட்டதைவிட இப்ப நீங்க எல்லாரும் வலையை நீளமாக் கேக்குறீங்க. கேக்குறவங்க கூடக்கூட நூலுக்கு அடிதடிதான்."

"மீன் தூரமாப் போயிடுச்சுங்க. நாங்க என்ன பண்றது?" என்றார் சங்கு.

"அதை மீன்கிட்டதான் கேக்கணும்."

(கட்டுரைக்குத் தேவையான எல்லாம் இந்தப் பத்தியிலேயே முடிந்துவிட்டது. அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

பின்னல் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். உள்ளே இயந்திரங்களின் இரைச்சல் மண்டையைப் பிளந்தது. சங்கு ஏதோ சொன்னார். வாய் மட்டும்தான் அசைந்தது. தன் குரல் எடுபடாத இடத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தவர்போல விழித்தார். பிறகு குனிந்து, அக்காவின் காதருகே எதையோ சொன்னார். அக்கா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்ன சொன்னார் என்று இருவரும் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன்: "உங்களை நான் தப்பா

வேண்டாம். நான் எழுதிய எதற்கும் அக்கா அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

5

துறைமுகத்தில் நின்று சங்கு கேட்டதைக் கேட்டபடி சொன்னார். எண்ணெய், ஈயம் வரைக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். "நாமளும்தான் ஆளுக்கு ஆள் நீளமாக் கேக்குறோம்" என்றதும் சண்டை பிடித்துக்கொண்டது. "கடைக்காரி மயக்கிட்டா" என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். மீன்பிடிப் பருவம் தொடங்கும் நேரத்தில், சங்குவின் படகில் வேலை செய்த அவருடைய சித்தப்பா மகன்கள் இருவரும் வேறு படகுக்குப் போய்விட்டார்கள்.

அவர் அப்போதுதான், சும்மா கிடந்த பழைய படகு எஞ்சின் ஒன்றை விற்று, அக்கா கடையில் புது வலை வாங்கியிருந்தார். தனி ஆளாக அதை இறக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. கடைக்கு வந்து ஈயமூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"நான் வரேன்" என்றாள் அக்கா.

"எங்க?"

"கடலுக்கு."

"நீந்தத் தெரியுமா உங்களுக்கு?"

"உங்களுக்கு மெதுவாப் பேசத் தெரியுமா? பழகிக்கலாம்."

"ஊர் பேசும்."

"ஏற்கெனவே பேசிக்கிட்டுதான் இருக்கு. கூலி கேக்காமப் பேசுது, பேசட்டும்."

(கடைக்காரி ஒருத்தி ஷட்டரை இறக்கிவிட்டுப் படகேறிப் போனாள் என்று வேறு யாராவது எழுதியிருந்தால், நம்பமுடியவில்லை என்று ஓரத்தில் குறித்திருப்பேன். அவளைக் கரையிலிருந்து பார்த்தேன். வாழ்நாளெல்லாம் விற்ற சரக்கு தண்ணீரில் என்ன செய்கிறது என்று பார்க்கப்போகும் ஆவல் முகத்தில் இருந்தது. கூடவே வாந்தியும் வந்துகொண்டிருந்தது.)

6

இனி நான் பார்க்காதது.

அந்தப் பருவத்தின் நடுவில், ஒரு பிற்பகல், காற்று திடீரென்று திரும்பியது. வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. பாறையோ, மூழ்கிய படகோ. இழுக்க இழுக்கப் படகின் பின்பக்கம் தாழ்ந்தது. அலை உள்ளே ஏறத் தொடங்கியது. வலையை அறுத்துவிட்டால் படகு நிமிரும். ஆனால் அது புது வலை; அவரிடம் இருந்த மொத்தமும் அதில்தான் இருந்தது.

யாரோ கத்தியை எடுத்தார்கள். படகு கரைக்கு வந்தது. வலை வரவில்லை.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் அவர்கள் கல்யாணம் நடந்தது. நான்தான் சாட்சிக் கையெழுத்து. சங்கு எனக்கு அத்தான் ஆனார். படகைத் திரும்பி வந்த சித்தப்பா மகன்களிடமே விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது எல்லோரும் அவரிடம்தான் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் கத்தியை எடுத்தது யார்? இதை எழுதுவதற்காகத் தனித்தனியாகக் கேட்டேன்.

அக்கா சொன்னாள்: "அவர்தான்டா. அவ்ளோ ஆசையா வாங்கின வலை. ஒரு வார்த்தை பேசல, அறுத்துட்டாரு. படகுல நான் இருக்கேன்னு."

அத்தான் சொன்னார்: "உங்க அக்காதான் மாப்ள. நான் மலைச்சுப்போய் நிக்கிறேன். அந்த வலை என்ன விலை, மறுபடி வாங்கினா என்ன விலைன்னு அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுக்கிட்டே அறுத்தா."

இரண்டு பேரும் ஒரே கத்தியைச் சேர்ந்து பிடித்ததாக மூன்றாவதாக ஒரு முடிவும் எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் கயிறு அறுக்கத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கிழித்துவிட்டேன்.

7

ஆசிரியரிடம் இதுவரை எழுதியதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "விலை எதுக்கு ஏறுதுங்கறது நாலாவதுலயே வந்துடுச்சு. அதைப் போட்டுக்கிறேன்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "ஏங்க, அக்காதானே அறுத்தாங்க?" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "இல்ல, அவர்தான்!" என்று கத்துவது கேட்டது.

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன்; நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அன்று வலையை அறுத்தது ____________.

எழுதியதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்குப் போனால் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். இருவரில் ஒருவர் உங்களுக்குச் சரக்குக் கொடுக்க மாட்டார்.