க்ரேன்காரர் குடிபோனார்

துறைமுகத்தில் க்ரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை என்று கூட வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். அவர் மனைவி கடைத்தெருவில் அழகு நிலையம் நடத்தினார். தெருவே அவரைப் பார்லரக்கா என்றுதான் கூப்பிடும்.

க்ரேன்காரருக்கு மறதி முதலில் சாவி, கண்ணாடி என்று சில்லறையாகத்தான் வந்தது. பிறகு வீட்டுக்கு வரும் வழியே மறந்தது. பார்லரக்கா அசரவில்லை. தினமும் கையோடு கடைக்கு அழைத்துவந்து, வாடிக்கையாளர்களோடு பேசவிட்டு வேலையைப் பார்த்தார். ஒரு நாள் யாருக்கோ தலை அலசிக்கொண்டிருந்த நேரம், க்ரேன்காரர் பின்பக்கம் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டியபடி நின்றார். இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கை கொப்பளித்துவிட்டது.

கட்டுப் போட்டு வந்த அன்றே பார்லரக்கா முடிவெடுத்தார். வெளியூரிலிருந்த மகன் போனில் குதித்தான்.

"முதியோர் இல்லமா? நாலு பேர் என்னம்மா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் அனுப்பி வை. முறை போட்டு அப்பாவைக் குளிப்பாட்டட்டும்."

பார்லரக்கா போனை வைத்துவிட்டார்.

இல்லத்தின் மேலாளர் இளம்பெண். நல்ல மனசுதான், ஆனால் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் ராகம் போட்டாள். "தாத்தா தானாவே சாப்பிடுவாரா?" என்று பார்லரக்காவைக் கேட்டாள்.

"அவர் இங்கதானே உக்காந்திருக்கார்? அவரையே கேளுங்க."

க்ரேன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாப்பாட்டுல குறையே இல்லம்மா. ஞாபகம்தான் சொல்லாம கொள்ளாம லீவு போட்டுடுச்சு."

மேலாளர் சிரித்துவிட்டாள். ராகம் போன இடம் தெரியவில்லை. "சார், உங்ககூட வந்திருக்கறது யாரு?"

க்ரேன்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு அசைந்து நின்றுவிட்டது. பெயரை எடுத்துக்கொடுக்க நாக்கு துடித்தும் பார்லரக்கா அடக்கிக்கொண்டார்.

"பேரு வரமாட்டேங்குது," என்றார் க்ரேன்காரர். "ஆனா ஆளு எப்படின்னு தெரியும். இவங்க கீழ நின்னு கை காட்டினா, நான் கண்ணை மூடிட்டு சரக்கை எறக்குவேன்."

கீழே நின்று கை காட்டுகிற ஆளை நம்பித்தான் க்ரேன் ஓடும். வேலை பார்த்த காலமெல்லாம் அப்படிக் கை காட்டிய எவருக்கும் அவர் வாயிலிருந்து இந்தப் பாராட்டு வந்ததில்லை. வீட்டில் அவர்களைத் திட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டவர் பார்லரக்கா. கண்ணில் நீர் கோத்தது. தலை தானாக உயர்ந்தது.

"சேத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. ஷேவிங் மட்டும் நான்தான் பண்ணுவேன்," என்றார்.

சொன்னபடியே தினமும் கடை திறக்கும் முன் அங்கே போனார். வழவழவென்றிருந்த க்ரேன்காரரின் முகத்தைப் பார்த்து அடுத்த அறைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம் இன்னொருவர்.

அடுத்த மாதம் மகன் வந்தான். அப்பா மூலையில் ஒடுங்கிக் கிடப்பார் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்தவன் வராந்தாவில் நின்றுவிட்டான். அம்மா கையில் ரேஸர். அப்பா, வரிசையில் நின்ற ஒருவரின் தோளைத் தட்டி, "இவங்க கைபட்டா கீறலே விழாது. பயப்படாம உக்காருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

"அம்மா, இங்கயும் கடை போட்டுட்டியா?"

பார்லரக்கா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "தாடியப் பாரு, காடு மாதிரி. போய் வரிசையில நில்லு."