வாடகை வாள்

...இடது பக்கம்தான், வாசல்காரன் இடது இடுப்பில்தானே கட்டிவிட்டான், அப்புறம் ஏன் இந்தச் சனியன் வலது காலில் வந்து முட்டுகிறது, நாள் பூராவும் பீப்பாய் அடிக்கிறவன் இடுப்பில் சுத்தியல் தொங்கினால் அது பேசாமல் தொங்குகிறது, வாள் மட்டும் ஏன் இப்படி வால் மாதிரி ஆடுகிறது என்று யோசித்துக்கொண்டே ஹிலேர் வெர்சாய் அரண்மனையின் பளிங்குப் படிகளில் ஏறினான். தலையில் தொப்பியும் இடுப்பில் வாளும் இருந்தால் எந்த ஆம்பிளையும் உள்ளே போகலாம், இல்லாதவனுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், பெண்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, அதனால்தான் பெரின் தன் கல்யாண நாள் நீலப் பாவாடையைச் சுற்றிக்கொண்டு ஏதோ அத்தை வீட்டுக்குப் போகிறவள் போல முன்னால் போகிறாள். “ஏங்க, வாத்து மாதிரி நடக்காதீங்க, பிரபு மாதிரி நடங்க” என்று திரும்பி வேறு சொல்கிறாள். பிரபு எப்படி நடப்பான்? ஹிலேர் அவர்களைப் பார்த்ததெல்லாம் வண்டிக்குள்ளே, உட்கார்ந்த வாக்கில், கால் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது... அவள் தம்பி கொலம்பான் சாராயக் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னானே, “மச்சான், உங்க கையைப் பார்த்தாலே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க” என்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் போயிற்று. அந்தப் பயலின் வாயை அடைக்கத்தான் வந்தோமா? அதுக்கு மட்டும்தானா?

இல்லை, உப்புக்காகவும்தான், கண்ணாடி மண்டபத்துக்குள் நுழைந்து தலையைத் தூக்கியதும் அவனுக்கே அது புரிந்தது. எத்தனை சரவிளக்கு! சூப்பில் போடுகிற உப்புக்கு வரி, கும்பிடுகிற கோவிலுக்குப் பத்தில் ஒரு பங்கு, நிலத்துக்கு வரி, வண்டி ஓட்டாதவனும் சாலை போடப் போகணும், பிரபுவுக்கும் பெரிய சாமியாருக்கும் அதில் பாதிகூடக் கிடையாது, போனதெல்லாம் எங்கே போச்சு என்று இத்தனை வருஷம் யோசித்தது வீண், இதோ தொங்குகிறது, ஜோராகத்தான் தொங்குகிறது, அந்த ஓரத்துப் படிகம் நம்முடையதாக இருக்கும், அதற்குப் பக்கத்தில் மினுக்குவது மாமியார் வீட்டு சூப்பு... சிரிப்பு வந்தது. “என்ன சிரிப்பு?” “ஒண்ணுமில்ல, நம்ம சாமானைப் பார்த்தேன்.” எதிரே கண்ணாடியில் ஒரு மனுஷன் தொப்பியும் வாளுமாக நின்று இவனையே பார்த்தான், ஹிலேர் மரியாதையாக வழிவிட்டான், அவனும் வழிவிட்டான், அட, நாம்தான்! பெரின் கழுத்துக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் சட்டென்று திரும்பினான், பின்னால் டர்ரென்று ஒரு சத்தம். வாளின் முனை யாருடைய மேலங்கியிலோ மாட்டி, பட்டு கிழிந்து தொங்கியது. கனத்த ஆள், பவுடர் போட்ட பொய்முடி, மூக்கைத் துளைக்கும் வாசனைத் தைலம், பெரிய இடம், சந்தேகமே இல்லை. பிரபு மேல் கைபட்டாலே பிரம்படி, வாள் பட்டால்? சிறையா? சங்கிலி மாட்டித் துடுப்பு வலிக்க விடுகிற கப்பலா? பட்டறையை யார் பார்ப்பது, பெரின் என்ன செய்வாள்... “பிரபுவே, மன்னிக்கணும்” என்று குனிந்தான். “ஐயையோ, தப்பு என்னோடது பிரபுவே” என்று அவர் இவனைவிடத் தாழக் குனிந்தார். இது என்ன கூத்து, பிரபு நம்மைவிடத் தாழக் குனியலாமா, ஹிலேர் இன்னும் குனிந்தான், அவரும் குனிந்தார், மடேரென்று இரண்டு தலையும் மோதின, பொய்முடி கழன்று விழுந்தது, அதைப் பொறுக்கப் போன இடத்தில் இரண்டு வாளின் பிடியும் பக்கம் பக்கமாக நின்றன, இரண்டிலும் வாடகைக்கு அடையாளமாக வாசல்காரன் கட்டிய அதே சிவப்பு நூல்.

தரையில் முட்டி போட்டபடியே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “நீங்க...?” “பீப்பாய். நீங்க?” “குடல்கறிக் கடை. நாத்தம் தெரியக்கூடாதுன்னு என் பொஞ்சாதி பாட்டிலையே கவுத்துட்டா.” ஒனோரே என்று பேர் சொன்னார். அங்கி? அதுவும் வாடகைதானாம், கிழிசலைப் பெரின் தன் ஊசியால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தைத்துக்கொடுத்தாள், தைக்கும்போதே தோள் குலுங்கியது. அப்போதுதான் நிஜப் பிரபு ஒருத்தர் தங்கப் பிடி போட்ட கோலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, மண்டபத்தை ஒரு சுற்று பார்த்து, ஹிலேரிடம் அலுத்துக்கொண்டார். “இப்பல்லாம் கண்டவனெல்லாம் உள்ள வந்துடறான், கவனிச்சீங்களா?” “ஆமாம் பிரபுவே, பீப்பாய் அடிக்கிறவன்கூட வந்திருப்பான்.” “நான் தூரத்துலேர்ந்தே கண்டுபிடிச்சிடுவேன், நடையிலயே தெரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார், முட்டிவலிபோல, வாத்து மாதிரித்தான் நடந்தார். ஒனோரே தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி சிரித்தார்.

வாசலில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, மடியிலிருந்த கம்பளிக் குல்லாயைத் தலையில் மாட்டியதும் ஹிலேர் மறுபடி ஹிலேராகிவிட்டான், இடுப்பு லேசாக இருந்தது, கொலம்பானிடம் எதிலிருந்து ஆரம்பிக்கலாம், தலை மோதியதிலிருந்தா, வேண்டாம், அந்த வாத்து நடைக் கிழவரிலிருந்து... “ஹோய், ஒதுங்கு!” என்று வண்டிக்காரன் கத்தினான், நாலு குதிரை, கதவில் பிரபு வீட்டுச் சின்னம், இருவரும் சேற்றோரமாக ஒதுங்கினார்கள், பெரின் முழங்காலை மடித்து வணங்கினாள், ஜன்னலுக்குள் ஒரு முகம் கொட்டாவி விட்டுக்கொண்டே கடந்துபோனது. நாலு வீடு தாண்டிய பிறகு பெரின் மெதுவாகக் கேட்டாள். “நீங்க குல்லாயை எடுக்கவே இல்லையே?” “மறந்துட்டேன்டி.” நிஜம்தானா? நாற்பது வயது வரை இந்தக் கையிடம் யாரும் சொல்ல வேண்டியிருந்ததில்லை, வண்டிச் சத்தம் கேட்டதும் அதுவே குல்லாயைக் கழற்றத் தலைக்குப் போகும், தூக்கத்தில்கூடப் போகும். கையை முன்னால் நீட்டிப் பார்த்தான், காய்ப்புக் காய்ப்பாக அதே கைதான். மறந்துதான் போச்சா, இல்லை...