பருப்புக் குழம்பில் கரைந்த கடிதம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய எகிப்து மண்கிண்ணத்திலிருந்து வந்தது. உள்பக்கம் முழுக்க மை கலங்கிக் கிடந்தது. ஓர் எழுத்தும் தேறவில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'நைல் நதி பொன்னாக உருகி...' அடித்துவிட்டேன். கல்லறை குடைபவர்களின் ஊரில் தண்ணீர் கழுதை முதுகில்தான் வரும்.

2
வெப்கெத்தின் கணவன் கெனா, அரசர்களுக்குக் கல்லறை குடைந்தவன். அவன் செத்தபிறகு ஆற்றில் இரண்டு ஆண்டு வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. ஒருநாள்கூட அவன் அவள் கனவில் வரவில்லை.

அந்த ஊரில் இறந்தவருக்கான கடிதத்தைக் கிண்ணத்தின் உள்ளே எழுதி, அதிலேயே சாப்பாடு வைத்துக் கல்லறை வாசலில் படைப்பார்கள். சாப்பிட வருகிறவர் படிக்காமலா போவார்?

எழுத்தர் பெந்து நாணல் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன குறைன்னு எழுத? காய்ச்சலா, சொத்துத் தகராறா?"

"ஒரு குறையும் இல்லண்ணே. கனவுல வரச் சொல்லுங்க, போதும்."

"அதுக்காம்மா ஒரு கிண்ணம்? செத்தவங்கள நாலு வார்த்தை திட்டினாத்தான் எழுந்து வருவாங்க."

"அப்பத் திட்டுங்க. வாய் கிழியப் பேசினியே, ஒருநாள் வந்து எட்டிப் பாத்தியான்னு கேளுங்க. அங்க வேற எவளையாவது பிடிச்சிட்டியான்னும் போடுங்க."

பெந்து சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. எழுதி முடித்துக் கிண்ணத்தை நீட்டினார்.

"இந்தா. காஞ்ச மைதான், ஆனா ஈரம் பட்டாக் கரையும்.* ரொட்டி, பேரீச்சம்பழத்தோட நிறுத்திக்க."

(மூன்று வரைவுகளில் இந்தப் பெந்துவை அவளுக்குக் கட்டிவைக்கப் பார்த்தேன். அவள் மசியவில்லை.)

* கரியும் பிசினும் சேர்த்த மை.

3
மறுநாள் காலை ரொட்டியோடு கிளம்பியவள் பாதி வழியில் திரும்பினாள். பூண்டு தட்டிப்போட்ட பருப்புக் குழம்பு இல்லாமல் கெனாவுக்கு ரொட்டி இறங்காது. அந்தக் கிண்ணத்திலேயே சுடச்சுட ஊற்றி எடுத்துப்போனாள்.

கல்லறை வாசலில் இறக்கிவைத்துப் பார்த்தால் குழம்பு கறுத்திருந்தது.

"போச்சு! திட்டினதெல்லாம் போச்சு! உனக்கு ஆக்கிப் போட்டே நான் கெட்டேன்!"

4
ஒரு முடிவு: கெனா கனவில் வந்து, குழம்பில் உப்புப் போதவில்லை என்கிறான். எழுதும்போது அழுதேன். அதனாலேயே அதை நம்பவில்லை.

இன்னொன்று: அவன் வரவில்லை. அவள் வேறொரு கிண்ணம் வாங்கி

[இதை முடிக்க என்னால் ஆகாது. என் மனைவி போய் நாலு வருஷம். ஒருநாள்கூட வரவில்லை. அவளிடம் எனக்கும் ஒரு குறையும் இல்லை.]

5
அந்த ஊரில் நோயாளிக்கு மந்திரத்தை எழுதி, கழுவி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். எழுத்து உடம்புக்குள் போய் வேலை செய்யுமாம். வெப்கெத்துக்கு இப்போது அது நினைவுக்கு வருகிறது. கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

குடித்தால் கடிதம் அவளுக்குள் இருக்கும். படிக்க வேண்டுமானால் அவன் அங்கேதான் வந்தாக வேண்டும். ஆனால் அவன் பட்டினி. வைத்துவிட்டுப் போனால் அவன் வயிறு நிறையும். ஆனால் அந்த வைத்தியம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான்; அவள் கூப்பிட்டதே அவனுக்குத் தெரியாது.

குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்காதீர்கள். நானாக இருந்தால் எப்போதோ குடித்திருப்பேன்.