ஜம்பர் வயர்

கொட்டாஞ்சேனையில் அஹ்ஸனின் கராச்சில் மூன்று கிழமை படுத்துக் கிடந்த கார், முதல்நாள் பின்னேரம்தான் வெள்ளவத்தைக்குத் திரும்பியிருந்தது. விடிந்ததும் விடியாததுமாகத் தனஞ்சயன் அதைத் துடைத்து, கண்ணாடிக்கு விபூதி பூசி, பம்பரில் புதுத் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டினான்.

"இதில ஆரப்பா கண் வைக்கப் போகினம்?" என்று பல்கனியில் நின்று கேட்டாள் மனைவி சுபோதினி.

அவளுக்கென்ன தெரியும்? அந்தக் கட்டடத்திலேயே கண் வைத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். வாகன இறக்குமதித் தடை எடுபட்ட கையோடு மேல்மாடி ஜவாத் புதுக் கார் வாங்கி நாலு மாதம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். தன் கார் கராச்சில் கிடந்த நாட்களில் மகள் மயூரி, ஜவாத்தின் மகள் நஸ்லாவோடு அந்தக் காரில் வகுப்புக்குப் போனாளே, அதுதான் வயிற்றெரிச்சல். பின் சீற்றில் இருந்து இரண்டும் சிரிக்கிற சிரிப்பு மூன்றாம் மாடியில் தன் வீடுவரை கேட்கும். தன்னோடு வரும்போது எப்போதாவது அப்படிச் சிரித்தாளா? சிரிக்க எங்கே நேரம்? கார் நின்றுவிடும். அவன் இறங்கித் தள்ளுவான். அவள் சாரதி சீற்றுக்குத் தாவி, அவன் "விடு!" என்று கத்தும்போது கிளச்சை விடுவாள். அதில் அவள் விண்ணி, ஒருநாளும் பிசகமாட்டாள். எஞ்சின் பிடித்ததும் திரும்பி அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை மூன்று கிழமையாக அவன் காணவில்லை.

மயூரி புத்தகப் பையோடு இறங்கி வந்தாள். காரையும் பார்த்தாள், தேசிக்காயையும் பார்த்தாள்.

"அப்பா, இண்டைக்கும் நஸ்லாவோடயே போறனே. பேப்பர் ஒண்டு கதைக்கோணும்."

"ஓம், போ" என்றான். 

அன்றைக்கென்று பார்த்து ஜவாத்தின் கார் மூச்சு விடவில்லை. ஜவாத் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு நேரே அவனிடம் வந்தான். செத்த பெட்டரிக்கு வேறு காரிலிருந்து கரண்ட் கொடுக்கிற ஜம்பர் வயர் அந்தக் கட்டடத்தில் யாரிடம் இருக்கும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

"தனா, பெட்டரி செத்திட்டு. ஒங்கள்ட்ட அந்த வயர் ஈக்கும்தானே?"

"அதை அஹ்ஸன்ட கராச்சில விட்டிட்டு வந்திட்டனே, ஜவாத்" என்றான் தனஞ்சயன். நாக்குக் கொஞ்சமும் தடுக்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியம். "பிள்ளையளை நான் கொண்டுபோய் விடுறன்."

முன் சீற்றில் மகள், பின்னால் நஸ்லா. கார் ஒரு முக்கலும் இல்லாமல் மரின் டிரைவில் ஏறியது. கடற்காற்று அள்ளியது. ராசா மாதிரி ஓட்டினான். "ஏசிக் குளிர் போதுமோ, பிள்ளை?" என்று நஸ்லாவைக் கேட்டான். ஏசி செத்து இரண்டு வருடம். பெட்டைகள் இரண்டும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புத் தன் காருக்குள் என்று நினைக்க அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

பம்பலப்பிட்டி வரமுன்னமே பொனற்றிலிருந்து புகை வந்தது. எஞ்சின் நின்றது. மயூரிக்கு அது பழகின வேலை. தண்ணீர்க் கான் எடுக்க இறங்கிப் பின்னுக்குப் போனாள். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டபிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. கானுக்குப் பக்கத்தில்தான் வயர் சுருட்டி வைத்திருந்தான்.

டிக்கியை அவள் மெல்லச் சாத்துவது கேட்டது. பிறகு அவள் கானை மட்டும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் விட்டும் கார் பிடிக்கவில்லை. அவள் சாரதி சீற்றில் ஏறினாள்.

"தள்ளுங்கோ."

தனஞ்சயன் பின்னால் போனான். உதவிக்கு நஸ்லாவும் வந்து பக்கத்தில் நின்று கை வைத்தாள். அடித்துச் சாத்தினால்தான் அந்த டிக்கி பூட்டும். அது அவனுக்கும் தெரியும், மயூரிக்கும் தெரியும். கார் நாலடி நகர, மூடி மெல்ல மெல்ல மேலே எழும்பிப் பின் கண்ணாடியை மறைத்தது. மகளின் தலை தெரியவில்லை. இரண்டு பேரின் மூக்குக்கு நேரே, சிவப்பும் கறுப்புமாக, சுருட்டின வயர் அப்படியே கிடந்தது. நஸ்லாவின் கைகள் காரிலிருந்து எடுபட்டன.

"அப்பா, விடட்டோ?" என்று முன்னாலிருந்து கேட்டாள் மயூரி.

அவன் தள்ளிக்கொண்டே இருந்தான். "விடு" என்று கத்த வாய் வரவில்லை.